தண்ணீர் படக்கூடாத துப்பாக்கி

கடைக்காரர் மேசை மேல் துணியை விரித்து மூன்று ஸ்ப்ரே கன்களை வரிசையாக வைத்தார். என் மகள் ஒவ்வொன்றாக எடுத்து, விசையில் விரலை வைத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி, அப்படியே கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். புடவை எடுக்கப் போனால் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவள் அவள். அன்று மட்டும் அவசரமே இல்லை. நான் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இருந்தது ஒரே கேள்வி. இந்த மூன்றில் எது என் பெண்ணுக்கு ஆபத்து செய்யாது? அதை அப்படியே கேட்கக் கூச்சமாக இருந்ததால், எது நல்லது என்று மட்டும் கேட்டேன்.

"வேலை முடிஞ்சப்புறம் அதோட உக்காந்து மல்லுக்கட்ட யாருக்குப் பொறுமை இருக்குன்றதப் பொறுத்ததும்மா" என்றார்.

நாங்கள் பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவுப் பக்கம் ஒரு குப்பத்தில் இருக்கிறோம். என் கணவர் கடலுக்கும் ஏரிக்கும் போகிறவர். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரே மகள். டிப்ளமா முடித்ததும், குளிர்பதனக் கிடங்குகளின் சுவரில் ஃபோம் அடிக்கிற ஒரு கான்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். விடுதியில் தங்கி, மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து, வந்த அன்றே துணி துவைத்துக் காயவைத்து எடுத்துக்கொண்டு ஓடுவாள். அப்படி ஓடிக்கொண்டிருந்தவள் ஒருநாள் நின்று, நம் ஊரிலேயே இந்த வேலையைச் செய்யப் போகிறேன் என்றாள். இங்கே படகுக்குப் படகு ஐஸ் பெட்டி இருக்கிறது, கரைக்குக் கரை மீன் கொட்டகை இருக்கிறது, எல்லாவற்றிலும் ஐஸ் ஒழுகிக்கொண்டே இருக்கிறது, ஒருத்தரும் அதை நிறுத்தவில்லை என்றாள். அவள் வீட்டோடு இருக்கப் போகிறாள் என்று எனக்குச் சந்தோஷம். அவள் செய்யப் போகிற வேலையை நான் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது.

ஃபோம் என்றால் மெத்தைக்குள் இருப்பது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். இது வேறு. ஏ, பி என்று இரண்டு திரவங்கள். ஏ கருப்பட்டிப் பாகின் நிறம். பி வெளிர்த் தேன் நிறம். மெஷின் இரண்டையும் சூடாக்கி, அழுத்தம் கொடுத்து, தனித்தனிக் குழாய்களில் கன் வரை அனுப்பும். கன்னின் மூக்குக்குள் இருக்கிற ஒரு சின்ன அறையில்தான் இரண்டும் முதல்முறையாகச் சேரும். சேர்ந்ததும் வெளியே பாய்ந்து சுவரில் ஒட்டி, புளித்த இட்லி மாவு பொங்குவது போலப் பொங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கெட்டியாகிவிடும். அப்புறம் வெளி வெயில் உள்ளே வராது, உள் குளிர் வெளியே போகாது. சுவரில் பொங்க வேண்டியது கன்னுக்குள் பொங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தத் தொழிலில் பாதி.

மேசை மேல் இருந்த மூன்று கன்களும் அந்தப் பாதியை மூன்று விதமாகச் செய்தன. முதல் கன்னில், விசையை விட்டதும் காற்று சீறிப் பாய்ந்து மூக்கைத் துடைத்துவிடும். இரண்டாவதில் காற்று வேண்டாம். உள்ளே ஒரு கம்பி முன்னும் பின்னும் போய் மிச்சத்தைத் தள்ளிவிடும். மூன்றாவதில் துடைக்கிற வேலையே கிடையாது. பிளாஸ்டிக் மூக்கு அடைத்துக்கொண்டால் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டலாம். எனக்கு மூன்றாவதுதான் பிடித்தது. எடையும் இல்லை, சுத்தம் செய்யும் தொல்லையும் இல்லை.

மகளிடம் சொன்னேன். அவள் திரும்பாமலே, "மூக்கு தீந்து போனா வேற எங்கம்மா வாங்கறது? ஏரியில வலை போட்டா?" என்றாள்.

கடைக்காரர் சிரித்துவிட்டு, அந்த மூக்கு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வரும்போது வரும் என்றார். இரண்டாவது கன் கூரைக்கு அடிக்கும்போது தோளை இழுக்கிறது என்று மகள் கீழே வைத்துவிட்டாள். முதல் கன்னுக்கு எல்லா உதிரியும் அந்தக் கடையிலேயே இருந்தன. பிரித்து மாட்டவும் அவளுக்குப் பழக்கம். சின்ன மூலைகளில், மெல்லிசாக அடிக்க வேண்டிய வேலை என்பதால் உள்ளதிலேயே சின்னக் கலவை அறையைக் கேட்டாள். ஒரேயடியாகத் தடிமனாக அடித்தால் ஃபோம் உள்ளுக்குள் சூடேறிக் கருகிவிடுமாம். அதைக் கேட்டதும் நான் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எந்த ஊரில் வேலை என்று கடைக்காரர் விசாரித்தார். பழவேற்காடு என்றதும் எடுத்து வைத்த கன்னை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

"உங்க ஊர்க் காத்துல பாதி தண்ணிம்மா. இந்தக் கன்னு காத்துலதான் மூக்கு துடைச்சுக்குது. ஏ-க்குத் தண்ணி ஆகவே ஆகாது. ஒரு சொட்டு உள்ள போனாப் போதும், அங்கயே பொங்கிக் கல்லாயிடும்."

அதற்காக, கம்ப்ரஸரில் மாட்டி ஈரத்தைப் பிடிக்கிற ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கொடுத்தார். நான் என் பங்குக்கு, முகம் முழுவதையும் மூடுகிற மாஸ்க் இருக்கிறதா என்று கேட்டேன். மூக்கையும் வாயையும் மூடுகிற பாதி மாஸ்க்கும் ஒரு கண்ணாடியும் போதும், எப்படியும் வெளியிலிருந்து நல்ல காற்றைக் கொண்டுவருகிற குழாய் இருக்கிறது என்று மகள் சொல்லிப் பார்த்தாள். நிலாவுக்கா போகிறேன் என்றும் கேட்டாள். நான் நகரவில்லை. இந்த ஏ பற்றி ஃபோனில் நிறையப் படித்துவிட்டிருந்தேன். ஒருவருடைய நுரையீரல் அதை ஒருமுறை வெறுக்கத் தொடங்கிவிட்டால், பிறகு அந்த வாடை பட்டாலே மூச்சு திணறுமாம். அதைப் படித்த பிறகு நான் எங்கே நகர்வது?

வீட்டுக்கு வந்ததும் குப்பத்தில் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். துப்பாக்கிப் பொண்ணு. என் கணவர் கன்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மோட்டார் மாதிரி கனமாக இருக்கிறது, நல்ல சாமான்தான் என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

அவருடைய படகு மோட்டாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கரைக்கு வந்ததும் மீனைக்கூட அப்புறம்தான் கவனிப்பார். முதலில் மோட்டாரைக் கழற்றித் தோளில் தூக்கி வந்து, பின்கட்டில் இருக்கும் சட்டத்தில் மாட்டி, நல்ல தண்ணீர் விட்டு வெளியிலும் உள்ளேயும் உப்புப் போகக் கழுவுவார். கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி, துணி போட்டு மூடுவார். கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நாங்கள் நிற்கிற நாட்களிலும் மோட்டாரின் குடம் தனி. அதில் யாரும் சமைக்க எடுக்கக் கூடாது. இந்தக் கரையில் எல்லா வீட்டிலும் இதுதான் நடைமுறை. மோட்டாரைக் கழுவாமல் வீட்டுக்குள் போகிறவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள்.

மகளின் மாலை வேலை இதற்கு நேர் எதிராக இருந்தது. கன்னைக் குழாயிலிருந்து கழற்றி, ஒரு சின்ன கிரீஸ் பம்ப்பால் அதன் உள்ளே கிரீஸை ஏற்றுவாள். மூக்கிலிருந்து கிரீஸ் பிதுங்கி வருகிற வரைக்கும் ஏற்றுவாள். காற்றும் ஈரமும் ஏ பக்கத்தை நெருங்காமல் கிரீஸ் காவல் இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை முழுவதும் பிரிப்பாள். ஏ பக்கத்துச் சாமான்களைச் சிவப்புத் துணியிலும் பி பக்கத்துச் சாமான்களை நீலத் துணியிலும் வைப்பாள். நூல் போல மெல்லிய துளையிடும் கம்பியை விரல்களுக்கிடையில் உருட்டி ஓட்டைகளைச் சுத்தம் செய்வாள். ஒருநாள் உதவி செய்கிறேன் என்று சிவப்புத் துணியிலிருந்த ஒரு ரப்பர் வளையத்தை நீலத் துணியில் வைத்துவிட்டேன். "மீன் சட்டியில பால் காய்ச்சுவியாம்மா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு நான் தவறியதில்லை.

என் கணவருக்கு மட்டும் அந்தக் கிரீஸ் பிடிக்கவே இல்லை. "இன்னாடி இது, சளி புடிச்ச மூக்காட்டம் ஒழுவுது. இவ்ளோ அழுக்கோட ஒரு சாமான வெச்சிக்கினு கீதே இது" என்று என்னிடம் சொல்வார். அவளிடம் சொல்ல மாட்டார்.

அவளுக்குக் கிடைத்த முதல் சொந்த வேலை, ஏரியை ஒட்டிய இன்னொரு குப்பத்தில் மீன் விற்கிற பெண்கள் குழுவின் ஐஸ் அறை. செங்கல் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு கொட்டகை. பொன்னேரியிலிருந்து வருகிற ஐஸ் கட்டி மத்தியானத்துக்குள் பாதியாகிவிடும். தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போவதற்குள் அறை தயாராக வேண்டும். அது நன்றாக நின்றால் கரை நெடுக அவளைக் கூப்பிடுவார்கள். சரியாக வராவிட்டால் பழைய கான்ட்ராக்டரிடமே போய்விடுவதாக அவள் எங்களிடம் சொல்லியிருந்தாள். நானும் ஒன்று சொல்லியிருந்தேன். ஏதாவது ஆனால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அன்றோடு இந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்று. அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

குழுவின் தலைவி நெடுங்காலம் கூடை சுமந்தவர். அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு என் மகளிடம் கேட்டார்: "ஐசு கல்லு, அதுவே நிக்க மாட்டேங்குது. நீ பீச்சி வுட்றது நுரை. அது நிக்கும்ன்ற?"

நிற்கும் ஆயா என்றாள் மகள்.

பள்ளிக்கு விடுமுறை. அவளோடு நானும் போனேன். கம்ப்ரஸர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் என் இடம். எனக்கு இரண்டு வேலைகள். ஈரம் பிடிக்கும் கண்ணாடிக் கிண்ணத்தை அடிக்கடி திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும். வெறும் காற்றிலிருந்து அவ்வளவு தண்ணீர் வரும் என்பதை நான் கண்ணால் பார்க்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். பாத்திரம் தேய்க்கிற அளவுக்கு வரும். இரண்டாவது வேலை, மெஷினில் இருக்கிற இரண்டு அழுத்த முட்களையும் பார்த்துக்கொண்டே இருப்பது. ஏ முள்ளும் பி முள்ளும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். ஒன்று விலகினால், அறைக்குள் போகிற கயிற்றை நான் இழுக்க வேண்டும்; கயிற்றின் மறுமுனை அவள் இடுப்பில் இருந்தது. மாஸ்க்குக்குக் காற்று அனுப்புகிற சின்னப் பம்ப்பை எங்கே வைப்பது என்பதை மட்டும் என் கணவர் சொல்லிவிட்டுப் போவார். காலையில் மேலக்காற்று, மத்தியானம் கடல்காற்று, அதற்குத் தகுந்தபடி ஃபோம் வாடை அண்டாத பக்கம் மாற்றி வைப்போம்.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் நிறைவாகத்தான் இருக்கிறது. உள்ளேயிருந்து கன் விட்டு விட்டுச் சீறும். ஒவ்வொரு சீறலுக்குப் பிறகும் ஒரு சின்ன உஸ்; அது மூக்கு துடைத்துக்கொள்கிற சத்தம். அந்த இரண்டு சத்தமும் ஒழுங்காக வருகிற வரைக்கும் நான் மூச்சு விடுவேன். பெண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு, டீச்சர், இன்றைக்கு யாருக்குப் பரீட்சை என்று கேலி செய்வார்கள்.

ஒருநாள் சாயங்காலம் ஏரியில் அலை கொஞ்சம் அதிகம். மெஷினை ஏற்றியிருந்த மினி லாரி வேலை இடத்திலேயே நிற்கும். கன்னை மட்டும் மகள் வீட்டுக்கு எடுத்து வருவாள். அன்று என் கணவரின் படகில்தான் திரும்பினோம். தண்ணீர் தெறித்துப் பை நனைந்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் கன்னைத் துடைத்து, வழக்கம் போலக் கிரீஸ் ஏற்றி, பின்கட்டுச் சிமெண்ட் மேடையில் சாக்கின் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் உலை வைத்தேன். என் கணவர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை அவரே எங்களைப் படகில் இறக்கிவிட்டு ஏரிக்குப் போனார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார். மோட்டாரைக் கழுவினேன் என்று யாராவது வீட்டில் வந்து சொல்வார்களா?

கன்னைப் பையிலிருந்து எடுத்த மகள், "பளபளன்னு இருக்குது, நீதான் தொடச்சு வெச்சியாம்மா?" என்று கேட்டாள். நான் கம்ப்ரஸரை ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தில் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் நேற்றுத் துடைத்ததைப் பற்றிப் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

ஒரு அட்டையில் அடித்துப் பார்த்தாள். சரியாகத்தான் வந்தது. மாஸ்க் மாட்டி, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிறகு அந்த உஸ் சத்தம் மாறியது. தொண்டையில் ஏதோ சிக்கியவர் கனைப்பது போல வந்தது. நான் முட்களைப் பார்த்தேன். ஏ முள் மேலே போய்க்கொண்டிருந்தது. பி அசையாமல் நின்றது. கயிற்றைப் பிடித்து இழுத்தேன். இழுத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே பட்டென்று ஒரு சத்தம்.

அவள் பின்னோக்கி நடந்து வெளியே வந்தாள். கன்னை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தாள். இரண்டு விரல்கள், ஏ-யையும் பி-யையும் நிறுத்துகிற அதன் இரண்டு திருகுகளையும் மூடிக்கொண்டிருந்தன. பிறகு என் பக்கம் திரும்பினாள். அவளுக்கு முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஒன்று பொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பெரிதானது.

நான் அவளைக் கூப்பிட்டேனா, எழுந்தேனா, எதுவும் நினைவில்லை. அவளே கையைப் பின்னால் கொண்டுபோய் வார்களைத் தளர்த்தி மாஸ்க்கைக் கழற்றினாள். உள்ளே அவள் முகம் வேர்த்து, சிவந்து, முழுதாக இருந்தது.

"ஒண்ணும் ஆவலம்மா. கண்ணாடி மேலதான்" என்றாள்.

நான் மண்ணில் உட்கார்ந்திருந்தேன். தலைவி என் கையில் ஒரு கோலி சோடாவைக் கொடுத்தார். அடிபட்ட பிள்ளை நின்றுகொண்டிருக்கிறது, பார்த்தவள் விழுந்துகிடக்கிறாள் என்று அவர் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

மகள் மெஷினின் அழுத்தத்தை இறக்கிவிட்டு, துணிகளை விரித்துக் கன்னைப் பிரித்தாள். ஏ பக்கத்து வழியெல்லாம் ஃபோம் கெட்டியாகி அடைத்திருந்தது. கசியாமல் அடைக்கிற ஒரு சீல் விண்டுபோயிருந்தது. அந்த வழியாகத்தான் பீறியடித்திருக்கிறது. கிரீஸ் எங்கே போயிற்று என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள். கம்ப்ரஸர் கிண்ணத்தைப் போய்ப் பார்த்தாள். நான் வடித்தது வடித்தபடி காலியாக இருந்தது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்போதுதான் என் கணவர் மத்தியானக் குழம்புக்குக் கொஞ்சம் இறாலோடு வந்தார். பிரித்துக் கிடந்த கன்னைப் பார்த்தார்.

"இன்னாச்சு இதுக்கு? நேத்துதானே நல்ல தண்ணியில கழுவி எண்ணெ போட்டு வெச்சேன்?"

மகள்தான் கேட்டாள், "நைனா, உள்ளயுமா?"

"உள்ளதானே முக்கியம். உப்புத் தண்ணி பட்டுது இல்ல? அந்த அழுக்குக் கிரீஸ எல்லாம் தொடச்சி எடுத்துட்டு, ரெண்டு ஓட்டையிலயும் தண்ணி வுட்டு, ஊதி, அப்புறம்தான் எண்ணெ போட்டேன்."

மோட்டாருக்குச் செய்வதை ஒன்றுகூடக் குறைக்காமல் செய்திருந்தார். அவருக்கு ஒரு பொருளின் மேல் அக்கறை வந்தால் அதைக் காட்டத் தெரிந்த ஒரே வழி அதுதான். மகள் முதலில் அவரையே பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். கன்னைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அவரும் பாதி சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த மாஸ்க்கைப் பார்த்தார். அதைக் கையில் எடுத்து, கண்ணாடி மேல் இறுகியிருந்த மஞ்சள் கட்டியை விரலால் அழுத்தினார். அது அழுந்தவில்லை. மாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டுத் தன் படகுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். இறால் அங்கேயே கிடந்தது.

நான் மகளைத் தனியாகக் கூப்பிட்டு, ஏற்கனவே சொன்னதைத்தான் சொன்னேன். போதும், விட்டுவிடு என்றேன்.

"மாஸ்க்கு எதுக்கு இருக்குதோ அத்தப் பண்ணிச்சும்மா. நானும் எத்த மூடணுமோ அத்த மூடினேன்" என்றாள். அப்புறம் மெதுவாக, "நைனா ராத்திரி பூரா கடல்லேருந்து வராத அன்னிக்கு, மறுநாள் நீ மோட்டார வித்துடலாம்னு சொன்னியா?"

அந்த நாள் அவளுக்கு நினைவிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அப்போது அவள் சின்னப் பிள்ளை. விடியும்வரை கரையில் நின்றேன். அவர் வந்ததும் சோறு போட்டேன். மோட்டாரை விற்கச் சொல்லவில்லை. அவர் சாப்பிட்டதும் அதைக் கழுவ, நான்தான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

அவளுக்கு நேரம் இல்லை. கலவை சரியில்லாமல் விழுந்த ஃபோம் பிறகு சுருங்கும், வாடை அடிக்கும். அதை உடனே வெட்டியெடுத்தாக வேண்டும். சென்னைக்குப் போய் உதிரி வாங்கி வர ஆள் இல்லை. என் கணவருக்கு எது ஏ, எது பி என்று தெரியாது. எனக்குத் தெரியும். விண்டுபோன சீலின் துண்டுகளைச் சிவப்புத் துணியில் முடிந்துகொண்டு நான் பொன்னேரி பஸ்ஸில் ஏறினேன்.

சென்னையில் கடைக்காரர் முடிச்சை அவிழ்த்ததுமே தண்ணீர் என்று சொல்லிவிட்டார். எப்படிப் போயிற்று என்று கேட்டார். சொன்னேன். அவர் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவரையும் கூப்பிட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னார். "இத்தனை வருஷத்துல கன்னை யாரும் குளிப்பாட்டி எண்ணெ தேச்சுக் கொண்டாந்ததில்லம்மா" என்றார். எனக்கும் அங்கேதான் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

கன்னை மாற்றிவிடலாமா, அந்த இரண்டாவதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அதிலும் ஏ இருக்கிறது, அதற்கும் தண்ணீர் ஆகாது என்றார். கையில் இருப்பதன் குணம் எங்கள் வீட்டுக்கு இப்போது தெரிந்துவிட்டது, புதிது வாங்கினால் அதன் குணத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும் என்றார். வியாபாரி ஒருவர் வாங்க வேண்டாம் என்று சொல்லும்போது நம்பத்தான் தோன்றியது. சீல், அதன் கூடு, ரப்பர் வளையங்கள், ஏ பக்கத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் இரட்டையாக வாங்கினேன். மாஸ்க் கண்ணாடியின் மேல் ஒட்டி, அழுக்கானதும் உரித்தெடுக்கிற மெல்லிய தாள் ஒரு கட்டு வாங்கினேன். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அந்த வளையங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, கீறல் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. விட்டுவிடு என்று அவளிடம் மறுபடி சொல்லப் போவதில்லை என்பது பொன்னேரி தாண்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் வீட்டுக்கு வந்தபோது பின்கட்டில் அவளும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பிழைத்த பாகங்களை ஃபோமை இளக்குகிற மருந்தில் ஊறவைத்து, அந்த நூல் கம்பியால் ஓட்டை ஓட்டையாகக் குடைந்துகொண்டிருந்தார்கள். வலை பின்னுகிற விரல்கள் அல்லவா, அவருக்கு அது கைவந்தது. கிரீஸ் எதற்கு என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். அவர் கம்பியை உருட்டிக்கொண்டே கேட்டார். முடிவில், "அப்ப இது அழுக்கு இல்ல. போர்வை" என்றார்.

மறுநாள் சிமெண்ட் மேடையில் ஒரு மாற்றம் செய்தார். கடலில் வலை விட்டால், வேறு படகு அதன் மேல் ஏறிவிடாமல் இருக்க மிதவையில் கொடி கட்டி மிதக்கவிடுவார்கள். அது மாதிரி ஒரு கொடிக் கம்பைக் கொண்டுவந்து, கன் வைக்க மூடியோடு ஒரு பெட்டி செய்து, அதன் பக்கத்தில் நட்டார். மோட்டார்ச் சட்டத்தை மேடையிலிருந்து தள்ளி, தண்ணீர் தெறிக்காத தூரத்துக்கு மாற்றினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால், அங்கே வலை கிடக்கிறது என்பார்.

ஐஸ் அறை தடைக்காலம் முடிவதற்குள் முடிந்தது. படகுகள் போய் முதல் மீன் வந்த அன்று நாங்கள் மூவரும் போயிருந்தோம். காலையில் வைத்த ஐஸ் சாயங்காலம் கதவைத் திறந்தபோது மூலை மழுங்காமல் இருந்தது. தலைவி அதைத் தொட்டுப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், கடைசியில் என் மகளைப் பார்த்தார்.

"ஐசு வண்டிக்காரன் உன்னத் தேடிக்கினு வரப் போறான்டி. தெனம் வர வேண்டியவன், இனிமே இன்னா பண்ணுவான் பாவம்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு கரையாகக் கூப்பிட்டார்கள். ஃபைபர் படகுகளின் ஐஸ் பெட்டிகள், இறால் கொட்டகைகள், ஒரு பள்ளிக்கூடத்துத் தகரக் கூரைகூட. அவள் வீட்டில்தான் இருக்கிறாள். விடுமுறை நாட்களில் நான் இன்னும் அந்த நாற்காலியில் உட்கார்கிறேன். மற்ற நாட்களில் என் கணவர் உட்கார்கிறார். கம்ப்ரஸர் சத்தம் கொஞ்சம் மாறினால் இன்றும் நான் எழுந்து முட்களைப் பார்க்கிறேன். வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது அந்த மஞ்சள் முகம் வந்து நிற்கும். சாக்பீஸை வைத்துவிட்டு ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்வேன். பிள்ளைகள் பழகிவிட்டார்கள்.

மாலையில்தான் எனக்கு மனம் அடங்கும். அவர் மோட்டாரைக் கழுவி முடித்துத் துணி போட்டு மூடுவார். பிறகு துண்டை எடுத்துக் கைகளைத் துடைப்பார். விரல் இடுக்குகள், மணிக்கட்டு, நகக்கண் என்று நேரமெடுத்துத் துடைப்பார். உள்ளேயிருந்து மகள், "நைனா, கை?" என்பாள். அவர் அடுப்படி வாசலுக்கு வந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நகம் காட்டுவது போல இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டுவார்.

"பாத்துக்க டீச்சரம்மா."

நான் அடுப்பைத் தணித்துவிட்டு, உள்ளங்கையைத் தொட்டுப் பார்ப்பேன். திருப்பச் சொல்லிப் புறங்கையையும் தொட்டுப் பார்ப்பேன். காய்ந்திருக்கும். சரி என்பேன். அவர் கொடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, கன்னின் மூக்கிலிருந்து கிரீஸ் பிதுங்கி வருகிற வரைக்கும் மெதுவாகப் பம்ப்பை அழுத்துவார்.